தலைக்கணக்கு

நேரு வீதியும் மிஷன் வீதியும் முட்டும் முனையில்
சாக்பீஸால் ஒரு கோடு.
நானே கிழித்தது.
அதைத் தாண்டும் ஒவ்வொரு காலுக்கும்,
சரி, இரண்டு காலுக்கும் சேர்த்து,
கட்டைவிரலால் ஓர் அமுக்கு.
கையடக்க மெஷினில் ஓர் எண் கூடும்.
நாளுக்கு அறுநூறு ரூபாய்,
சாப்பாடு நம்முடையது.

செருப்புக் கடை வைக்கப் போகிறார்களாம்,
கோயம்புத்தூர்க்காரர்கள்.
புதுச்சேரியின் நடு ஊருக்கு
உயிர் இருக்கிறதா என்று தெரியவேண்டுமாம்.
படிவத்தின் அடியில் இரண்டு கட்டம்:
கலகலப்பு.
வெறிச்சோடல்.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

வெற்றிவேந்தன் விதிகளைப் போனில் படித்தான்.
கடப்பவரை எண்ணு, நிற்பவரை விடு.
இடுப்புக் குழந்தை கணக்கில்லை.
போனவரே திரும்பி வந்தால் இன்னொன்று.
நாய், மாடு, ஸ்கூட்டர்
எதுவும் வேண்டாம்.

ஏழு மணிக்கு
பெரிய மார்க்கெட்டுக்குப் போன மீன்கூடைகள்
சொட்டிய தண்ணீரில் பாதிக் கோடு போயிற்று.
பத்து மணிக்குள் இரண்டு முறை மறுபடி போட்டேன்.
ஒரு மணிக்கு ஷட்டர்கள் இறங்கின.
கடைசி ஷட்டரின் சத்தம்
தெருக்கோடி வரை தனியாக நடந்து போனது.

வாங்கிவந்த தயிர்சாதத்தைத் தின்றபடி
வாய்க்காலைத் தாண்டி ஒரு நடை போய்வந்தேன்.
மஞ்சள் சுவர் வீடொன்றின் வாசலில்
பெங்களூர்ப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்,
ஒருத்தி சிரித்து முடிக்க அடுத்தவள்.
கதவில் பித்தளைப் பூட்டு,
துளையில் சிலந்தி நூல்.
வீட்டுக்காரர் பாரீஸிலாம்,
மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து
வரி கட்டிவிட்டுப் போவாராம்.
வாசல் நிறைய ஆள்,
உள்ளே யாருமில்லை.
நல்லவேளை, அந்தத் தெரு என் கணக்கில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம்,
ஆறிலிருந்து ஒன்பது.
விரல் வீங்கிவிட்டது.
முகம் பார்த்தால் எண் தவறுகிறது என்று
முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்தேன்.
சரிகை பார்டர், கிழிந்த ஜீன்ஸ்,
கொலுசு, பிளாஸ்டர் ஒட்டிய குதிகால்.
என் அக்காவும் அதில் கடந்திருக்கிறாள்.
மறுநாள் அவள் திட்டியபோதுதான் தெரிந்தது:
"கூப்பிட்டுக்கிட்டே போறேன்,
குனிஞ்சே உக்காந்திருக்கே."

பதினொன்றுக்கு மேல் அஞ்சலாட்சி வந்தாள்,
பச்சைக் கோட்டு, நீள விளக்குமாறு.
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்,
அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்.
பதினான்காவது முறை
கோட்டையே பெருக்கி முறத்தில் அள்ளினாள்.

அறிக்கையைப் பார்த்து வெற்றிவேந்தன் கேட்டான்:
"அந்நேரத்துக்கு யாருடா அந்தப் பதினாலு பேரு?"
"அஞ்சலாட்சி," என்றேன்.

எதிர் நடைபாதையில் எடை பார்க்கும் மெஷினோடு
காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர் சவரிராயன்.
அவர் நிற்பவர்,
அதனால் என் எண்ணில் வரவில்லை.
மெஷினைச் சாக்கில் கட்டியபடி
எத்தனை தேறிச்சு என்றார்.
எட்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

"எனக்குப் பத்தொன்பது,"
மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்,
"ஆயிரத்து நூறு கிலோ வரும்.
போன சனி எண்ணூறுகூட இல்ல.
இன்னைக்கு நல்ல கூட்டம் தம்பி."

எந்தக் கட்டத்தில் குறியிட்டேன் என்பது
இப்போது நினைவில்லை.
செருப்புக் கடை
வில்லியனூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

நினைவில் நிற்பது அந்த இரண்டரை மணி.
எண் நகரவேயில்லை.
ஷட்டர்களின் மேல் வெயில்.
சவரிராயன் எழுந்து இரு பக்கமும் பார்த்தார்,
செருப்பைக் கழற்றினார்,
தன் மெஷினில் தானே ஏறி நின்றார்.
ஊசி தூங்கிடக் கூடாதில்ல என்றார்,
என்னிடமா மெஷினிடமா தெரியாது.
அது துள்ளி,
நடுங்கி,
ஐம்பத்திரண்டில் நின்றது.