என்ன பெட்டி

சாந்தியாகோவிலிருந்து வந்த நாளிதழ்
உன்னைப் பற்றி அரைப்பத்தி எழுதியிருக்கிறது, ருதெசிந்தா.
‘நாற்பத்தொரு ஆண்டில் ஒரு பிழையும் செய்யாத குரல்.’
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
அத்தனை ஆண்டும் உட்கார்ந்திருந்தவன் நான்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் வாரமே பிழை.
ஒலிவாங்கியை விட்டு முகத்தைத் திருப்பி
என் பக்கம் பார்த்து இருமினாய். அதுவும் ஒலிபரப்பானது.
மீன்காரர்கள் ஒரு புட்டி தேன் அனுப்பினார்கள்,
விலாசம்: ‘இருமுகிற பெண், வானொலி, அச்சாவோ.’

காலை ஏழு மணிக்குத் தீவுகளுக்கான சேதி.
தொலைபேசிக் கம்பி கடல் தாண்டாத காலம்.
‘பசீலியோ குவென்தேயோவுக்கு:
மனைவிக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம்.
செவ்வாயன்று துறையில் குதிரையோடு நில்.’
பிறகு காற்று, அலை, உருளைக்கிழங்கு விலை.
அப்புறம்தான் நாடு.
மந்திரிசபை கவிழ்ந்த அன்றும்
அந்த வரிசையை நீ மாற்றவில்லை.

அந்த மார்ச் மாதத்தை அரைப்பத்தி அறியாது.
‘லின்லின் தீவு, நவெல்கீன் குடும்பத்துக்கு:
வியாழன் படகில் பெட்டி வருகிறது. துறைக்கு வாருங்கள்.’
அவர்கள் பிள்ளை தென்கோடிப் பண்ணைகளில்
ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போயிருந்தான்.
வியாழனன்று தீவே கறுப்புடுத்தி நின்றது.
குழியும் வெட்டியாயிற்று.
படகு வந்தது. பெட்டிக்குள் தையல் இயந்திரம்,
முதல் சம்பளத்தில் அவன் வாங்கியனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனாய். துடுப்புப் போட்டவன் நான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை
அந்தத் தாய் அடுப்பருகே உட்காரவைத்தாள்.
‘மூன்று நாள் என் பிள்ளை செத்திருந்தான்.
இப்போது எழுந்துவிட்டான். சாப்பிடு.’
சாப்பிட்டாய்.
உன் கரண்டி தட்டில் நடுங்கிய சத்தம்
வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.
வெட்டிய குழியை வீணாக்காமல்
ஓர் ஆப்பிள் கன்று நட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து யார் சேதி கொண்டுவந்தாலும்
முதலில் கேட்பாய்: ‘என்ன பெட்டி?’
பெட்டியே இல்லாத சேதிக்கும்.

சிப்பாய்கள் வந்த ஆண்டு
ஒரு லெப்டினன்ட் தாளை நீட்டினான்.
வாசித்தாய், ஒன்றும் விடாமல்,
கமாவைக் கமா என்றும் சேர்த்து.
‘மாகாணத்தில் அமைதி நிலவுகிறது முற்றுப்புள்ளி
எவரும் கமா எங்கும் கமா கைதாகவில்லை முற்றுப்புள்ளி.’
மழையில் அடுப்பைச் சுற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு
அது உன் வாக்கியமல்ல என்று உடனே விளங்கியது.
லெப்டினன்டுக்கு மறுநாள்தான்.

ஏழு மாதம் நாங்கள் இசைத்தட்டு மட்டும் போட்டோம்.
எங்கே வைத்திருந்தார்கள் என்று
திரும்பி வந்தபின்னும் நீ சொன்னதில்லை.
இடக்காது கேட்காமல் போயிருந்தது.
ஹெட்போனின் இடப்பக்கத்து ஒயரை
வலப்பக்கத்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன்.
மறுநாள் மாட்டிக்கொண்டாய். கண்ணாடியைத் தட்டினாய், ஒருமுறை.
அதைப் பற்றியும் நாம் பேசவில்லை.

நேற்றிரவு உன் சேதியை நான்தான் எழுதினேன்.
ஒரு வரிக்கு ஐந்து தாள் கிழித்தேன்,
நீ இத்தனை ஆண்டும் ஏன் கத்தினாய் என்று தெரிந்தது.
இன்று ஏழு மணிக்குப் புதுப் பையன் வாசித்தான்:
‘எல்லாத் தீவுகளுக்கும்:
வியாழன் படகில் பெட்டி வருகிறது.
சவப்பெட்டி. சைப்ரஸ் பலகை.
உள்ளே ருதெசிந்தா ஒயார்சோ.’
பிறகு காற்று, அலை, உருளைக்கிழங்கு விலை.

ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது.
லின்லினிலிருந்து ஒரு கிழவர்,
இளமையில் ஆட்டு ரோமம் கத்தரித்தவராம்.
‘என்ன பெட்டி என்று
நன்றாக விசாரித்தீர்களா?’