வாய்தா

நேற்றும் ஹைகோர்ட் வாசலில்தான் நின்றது.
மாட்டுத்தாவணி தாண்டி
உத்தங்குடி வரை ஒழுங்காக வந்துவிட்டு
யானைமலை முழுசாகத் தெரிகிற இடத்தில்
இரண்டு இருமல்,
ஒரு விக்கல்,
அப்புறம் செயின் சத்தம் மட்டும்.

எண்பத்திரண்டாம் வருஷத்து எஸ்டி.
அரியர்ஸ் பணத்தில் வாங்கினேன்.
அந்தக் காசுக்கு எத்தனை கிராம் வந்திருக்கும் என்று
அக்கா இன்னும் கணக்குச் சொல்கிறாள்.
கிக்கரை மடக்கினால் அதுவே கியர்.
ஒரே லிவருக்கு இரண்டு உத்தியோகம்,
எங்கள் ஈ.பி. ஆபீஸ் மாதிரி.

நெல்பேட்டை சிக்கந்தர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.
கறுத்திருந்தால் தீனி அதிகம்,
வெளுத்திருந்தால் பட்டினி,
மரவள்ளித் தோல் நிறத்தில் இருக்கணும்.
வெளுத்திருந்தது.
"கார்ப்பரேட்டர்தான். சந்தேகமே இல்ல."

கிண்ணத்தை இறக்கினோம்.
அடியில் துரு, மிளகாய்த்தூள் மாதிரி.
ஜெட்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன்,
துளைக்குள் ஊசிமுனை அளவு வானம்.
கம்பி விட்டால் பித்தளை புண்ணாகிவிடுமாம்,
பெயின்ட் பிரஷ்ஷில் ஒற்றை மயிர் பிடுங்கித்
துழாவினார்.
மிதவையைக் காதருகே ஆட்டினேன், சலசலப்பில்லை.
வெந்நீரில் அமுக்கினேன், ஒரு குமிழியும் வரவில்லை.
நீடில் கிளிப்பை ஒரு படி இறக்கி,
கேஸ்கெட் மாற்றி,
ஓவர்ஹால் என்று இன்னொரு முறை எல்லாம் பிரித்து
ஆயிரத்து எழுநூறு ரூபாய்.

பட்டறையில் ஓடியது.
கோரிப்பாளையம் நெரிசலில்கூட ஓடியது.
ஹைகோர்ட் வாசலில்
வாய்தா கேட்டது.

அங்கே மரத்தடியில் வீரணன் உட்கார்ந்திருப்பார்,
மஞ்சப்பைக்குள் பத்திரங்களோடு.
கொட்டாம்பட்டிப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர்,
செகண்ட் அப்பீல், பத்தொன்பது வருஷம்.
"என்ன தாயி, இன்னிக்கும் தள்ளி வச்சுட்டாங்களா?"
என்று வண்டியைக் காட்டிக் கேட்பார்.
பத்து நிமிஷம் அவரிடம் பங்காளி வழக்கு கேட்டுவிட்டு
உதைத்தால்
ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி
நான் யோசித்திருக்க வேண்டும்.

இன்று யோசிக்கவில்லை, எரிச்சல்தான்.
பெட்ரோலாவது இருக்கிறதா என்று
டேங்க் மூடியைத் திருகினேன்.
உள்ளே
யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீண்ட இழுப்பு.
தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன்
தலை தூக்கியதும் இழுப்பானே, அப்படி.
வீரணனுக்குக் கூடக் கேட்டது.
"என்ன தாயி அது?"

உதைத்தேன். ஒரே உதை.

மூடியைப் புரட்டிப் பார்த்தேன்.
நடுவில் காற்றுக்கு ஒரு பொடித் துளை.
அதன் மேல்
ஆயுத பூஜையன்று நானே வைத்த சந்தனம்,
அதற்கு மேல் குங்குமம்,
காய்ந்து, இறுகி, சிமென்ட்.
காற்று உள்ளே போக வழியில்லாமல்
பெட்ரோல் கீழே இறங்க மனசில்லாமல்
நாலு கிலோமீட்டர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு
ஓடியிருக்கிறது பாவம்.
வணங்கிய இடத்திலேயே
கழுத்தை நெரித்திருக்கிறேன்.

துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.
துளி மஞ்சள் உதிர்ந்தது.
அவ்வளவுதான்.

சிக்கந்தருக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்ப கார்ப்பரேட்டர்ல..."
"ஒண்ணுமில்லண்ணே."
"இருந்தாலும் சுத்தம் பண்ணது நல்லதுதானம்மா."
நல்லதுதான்.
கிண்ணத்து ஓரம் மட்டும் இன்னும் கசிகிறது,
கால்சட்டையில் பெட்ரோல் வாடை.
அதை அடுத்த மாதம் பார்க்கணும்.

சாயங்காலம் நாலரைக்கு
யானைமலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே
ஹைகோர்ட்டை நெருங்கினேன்.
இருமல் இல்லை. விக்கல் இல்லை.
மரத்தடியில் வீரணன் எழுந்து
கை தூக்கினார், வழக்கம்போல
நான் நிற்பேன் என்று.

பிரேக் பிடித்தேன்.
அந்த இடத்தில் முதல் முறையாக
என் இஷ்டத்தில்.

"தை மாசத்துக்குப் போட்டுட்டாங்க" என்றார்.
"ஏறுங்க" என்றேன்.
மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு
ஒத்தக்கடை வரை
ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.