சல்லடைத் தகடு

முதலில் ஒரேயொரு துகள்.
மிளகுத்தூள் என்று நினைத்தேன்.
பிறகு சீருடையின் வெள்ளைத் தோளில் ஏழெட்டு,
தொட்டால் ஒட்டி, தேய்த்தால் மையாய் இழுபட்டு.
காலை ஏழு மணி வீட்டில்
ஃபிரவ் ஹோல்ட்காம்ப் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து
"உங்கள் ஊரில் எரிமலை உண்டா?" என்று கேட்டார்.
இல்லை, பதினேழு வயதில் ஒரு கார் உண்டு என்றேன்.

யூலை. ஏசி போட்டால்
இடப்பக்கம் இளஞ்சூடு, வலப்பக்கம் முழுச்சூடு.
பார்மென் மேட்டில் ஏறும்போது
காற்றுவழிகள் இருமிக் கறுப்பைத் துப்பின.
கராஜில் ஆயிரத்து இருநூறு யூரோ சொன்னார்கள்.
டாஷ்போர்டை முழுக்கக் கழற்றவேணும், காஸ் இறக்கவேணும்.
பஞ்சுக்குக் காசில்லை,
பஞ்சிடம் போய்ச் சேரத்தான் காசு.

சத்தியரூபன் வந்தது ஞாயிறு பின்னேரம்.
தங்கச்சி அனுப்பியிருப்பாள், அவளுடைய புருசன்.
சீட்டுப் பிரச்சினைக்குப் பிறகு
மூன்று வருசம் நாங்கள் கதைத்ததில்லை.
கோயில் வரிசையில்கூட
இடையில் யாரையாவது விட்டுத்தான் நிற்போம்.
வணக்கம் இல்லை.
"டோர்க்ஸ் இருபது இருக்கோ?"
இருந்தது.

முன்பெட்டியைக் கழற்றி, நடுக்குழாயை உருவி,
முழங்கை மட்டும் உள்ளே விட்டுத் துழாவினான்.
நான் போன் வெளிச்சம் பிடித்தேன்.
உள்ளே ஒரு கதவு,
சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் ஆடுகிற தகடு.
தகடு முழுக்க ஓட்டை.
உடைந்த ஓட்டை இல்லை.
செய்தபோதே துளைத்திருக்கிறார்கள்,
மேலே ஒட்டிய பஞ்சை நம்பி.
"விசரங்கள்," என்றான் தகட்டிடம்.
சாத்தியிருந்த கதவினூடாகத்தான்
இத்தனை கோடையும் வெக்கை வந்திருக்கிறது.

அவனுடைய கை தடிப்பு, திரும்பவில்லை.
என்னுடையது போனது.

எனக்குப் பஞ்சு தெரியும்.
ஹோல்ட்காம்ப்பின் குதிக்காலில்
இரண்டு நாளுக்கொருமுறை நான் வைப்பதும் பஞ்சு,
ஈரம் குடிக்கிற, ஓரம் ஒட்டுகிற மெல்லிசுப் பஞ்சு.
பழையதைப் பிய்க்கக்கூடாது.
நனைத்து, பொறுத்து, ஓரத்திலிருந்து.
நாக்கை அமர்த்துகிற மரத்துண்டால் சுரண்டினேன்,
ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
தாராய்க் கரைந்து முழங்கை வழியே இறங்கியது.
உள்ளே சொரிந்ததை அவன் வாக்குவம் பிடித்து இழுத்தான்.
அந்த இரைச்சலுக்குள் ஏதோ சொன்னான்.
நாலாயிரத்து அறுநூறு என்றமாதிரி இருந்தது.
அந்தக் காசை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை,
சீட்டுப் பிடித்தவன் லண்டனில்.
யார் யாருக்குப் பிணை நின்றது என்பதுதான்
எங்களிடம் மிஞ்சியது.
வாக்குவத்தை நிறுத்தினான்.
நான் கேட்காதமாதிரி நாடாவை எடுத்தேன்.

முதலில் அலுமினிய நாடா, ஓட்டைகளுக்கு.
அதன்மேல் மகள் பள்ளி முகாமுக்குக் கொண்டுபோன
நீலப் படுக்கைப் பாயில் ஒரு துண்டு.
பண்டேஜ் கத்தரியால் வெட்டினேன்.
"ரெண்டு மில்லி குறை."
குறைத்தேன்.
"தடிப்புக் கூடினா கதவு சாத்தாது."
"தெரியும்."
"தெரிஞ்சாச் சரி."

ஒன்பது மணி, இன்னும் வெளிச்சம்.
பள்ளத்தில் ஆற்றின்மேல் தொங்கு ரயில்
ஆளில்லாத இருக்கைகளோடு போனது.
சாவியைத் திருப்பினேன்.
தப்பியிருந்த ஒரு துகள் பறந்து வந்து
அவன் மீசையில் குந்தியது. நான் சொல்லவில்லை.
பிறகு குளிர்.
என் பக்கம் நல்ல குளிர், விரல்நுனி கூசியது.
அவன் தன் பக்கக் காற்றுவழியில் உள்ளங்கையை வைத்துக்
கனநேரம் எடுக்கவில்லை.
"இதில இன்னும் வெக்கை அடிக்குது.
ரெண்டாவது கதவு ஒண்டு இருக்குப்போல."

"வாற ஞாயிறு எனக்கு டியூட்டி," என்றேன்.

டோர்க்ஸ் இருபதைத் துடைத்துத்
தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டான்.
அது என்னுடையது.
கேட்கவில்லை.