கோடரிக் காம்பு

இரண்டு துண்டாகக் கொண்டுவந்து
கவுண்டரில் வைக்கிறார் தயாளன் மூட்லி.
முதல் வெட்டிலேயே, என்கிறார்.
முதல் வெட்டிலேயே, மேடம்.
இரும்பு பறந்துபோய்
ம்கிசே வீட்டுக் காருக்கு
ஒரு சாண் தள்ளி விழுந்ததாம்.

போன மாதப் புயலில்
டொங்காட் நூலக வாசலில் முறிந்த கிளை.
மரத்தில் ஆணியடித்த தகரத்தில்
'கேப் ஆஷ்' என்றிருந்தது.
ஆஷ் என்றால் கோடரிக்குக் காம்பு,
யாருக்குத் தெரியாது?
மூன்று ஞாயிறு இழைத்திருக்கிறார்.
ஆளிவிதை எண்ணெய்கூடப் பூசியிருக்கிறார், பாவம்.

ரேக்கிலிருந்து ஒன்றை உருவினேன்.
கப்பலில் வந்த அசல் ஆஷ், நூற்றெண்பது ராண்ட்.
அறுத்த முகத்தைப் பாருங்கள்:
வசந்தத்தில் ஊசித்துளைகள் வரிசையாய்,
கோடையில் இறுகிய கட்டை.
வளையத்துக்கு வளையம் தள்ளி இருக்கவேண்டும்.
நெருங்கியிருந்தால் எடுக்காதீர்கள்,
மெல்ல வளர்ந்த ஆஷில் மிஞ்சுவது துளைதான்.
பொறுத்தார் பூமியாள்வார் எல்லாம்
இந்த மரத்திடம் செல்லாது.

சிமெண்ட் தரையில் செங்குத்தாகப் போட்டேன்.
டங்கென்று துள்ளி
என் கைக்கே திரும்பியது.
அடியை இது வாங்கிக்கொள்ளும்,
மணிக்கட்டுக்கு விடாது.
மழையில் மட்டும் போட்டுவைக்காதீர்கள், மக்கிவிடும்.

அப்போ இது?

அவர் துண்டைத் திருப்பினேன். வைக்கோல் நிறம்.
நகம் பட்ட இடம் பள்ளம்.
துளைப்பூச்சி ஏற்கெனவே வந்துபோயிருந்தது.
இலையைப் பார்த்த எந்த வெள்ளைக்காரனுக்கோ
ஊரில் விட்டுவந்த மரம் ஞாபகம் வந்திருக்கிறது,
அதனால் அந்தத் தகரம்.
ஸூலுவில் உம்ன்யாமாதி.
குடும்பம் என்று பார்த்தால் வேம்பு.

வேம்பா!
ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, என்றேன்.
ஆடிக் கஞ்சிக்கு வேப்பிலை இல்லாமல்
நாம் சிரிங்கா ஒடிக்கிறோமே,
அதுவும் அதே வீடுதான்.

அவர் சிரிக்கவில்லை.
உடைந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார்.
எதை வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

கொல்லையில் சிரிங்கா.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
லாரி ஒன்று கரும்போடு போனது.
குலத்தைக் கெடுக்க
இது ஒத்துக்கொள்ளவில்லை, என்றார் மெதுவாக.

மென்மரம் சார், அவ்வளவுதான்
என்று சொல்ல வாயெடுத்தவள்
பில்லைப் போட்டேன்.

புதுக் காம்போடு போனவர்
பழையதை மறந்துவிட்டார்.
ஒரு துண்டு, கடற்காற்றில் அடித்துக்கொள்ளும்
கடைக் கதவுக்கு அடியில் ஆப்பாய் இருக்கிறது.
மற்றது எங்கே போனதென்று தெரியவில்லை.