பெர்மிட் புத்தகம்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் மூன்றாம் நாள் கூட்டம்.
நாசரேத்திலிருந்து வந்த ஊழியக்காரர்
அக்கினியும் கந்தகமும் எரிகிற கடலைக்
கை வீசி வீசி விரித்துக்கொண்டிருந்தார்.
முன்வரிசைக் குழந்தை
அம்மா மடியில் முகம் புதைத்தது.

கந்தகம் எனக்குப் பழக்கம்.
இருபத்திரண்டு வருஷம் சிப்காட்டில் ஷிப்ட் இன்சார்ஜ்.
அது நீலமாய் எரியும்,
பகலில் சுவாலை கண்ணுக்கே படாது.
அதைவிட மோசம் எரியாமல் கிடப்பது,
கழிவுத்தொட்டியின் அடியில்.
கொஞ்சம் என்றால் அழுகிய முட்டை.
நிறைய என்றால் வாசமே இல்லை,
முதலில் மூக்கு செத்துவிடும்.
ஊழியக்காரருக்கு இது தெரியாது.

சவரிராயனுக்கும் தெரியாது.
குடிகாட்டிலிருந்து சைக்கிளில் வரும் காண்ட்ராக்ட் ஆள்.
வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால்,
ஏணியில் நாலு படி இறங்கினான்.
ஐந்தாம் படியை அவன் கால் தொடவில்லை.

'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்றது கமிட்டி.
முகமூடி வாங்கிய கணக்கில் காசு தின்ற
காண்ட்ராக்டர் தனகோடியை நினைத்துத்தான்
நான் நரகத்தை நம்பத் தொடங்கினேன்.
அதுவரை நியாயத்தீர்ப்பு வரும் வரியில்
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன்.

புதிதாய் வந்த ஐயர் செமினரி முடித்த பையன்.
"நித்திய வேதனைன்னு இல்லண்ணே,
நெருப்பு தின்னு தீத்துடும்.
இல்லாமப் போறதுதான் தண்டனை" என்றார்.
"ஃபைல் க்ளோஸ் மாதிரியா?" என்று கேட்டேன்.
அவர் வெகுநேரம் டீயை ஆற்றினார்.

என் மனைவி பிலோமினாள் ஆர்.சி.
அவளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, எனக்குக் கிடையாது.
கல்யாணத்தில் பேசாமல் விட்டதில் அதுவும் ஒன்று.
"வெள்ளாவி மாதிரிங்க அது," என்றாள்,
"பழைய கறைக்கு நிறைய நாள் சூடு."
"அப்போ தனகோடியும் ஒருநாள் வெளுத்து வந்துடுவானா?"
"வருவான்.
துணி யாருதுன்னு வெள்ளாவி கேக்குமா?"
சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்குத் தூக்கம் போனது.
தனகோடி வெளியே வருவதால் அல்ல.
எல்லோரும் வெளுத்து வந்தபின் ஒரு விருந்து உண்டே,
அதில் யார் பக்கத்தில் யார் என்று
யோசித்துவிட்டேன்.
இலை போட்டாகிவிட்டது.
என் இடது பக்கம் சவரிராயன்.
தண்ணீர் டம்ளரை நகர்த்தியபடி, கோபமே இல்லாமல்,
வெறுமனே தெரிந்துகொள்ள,
"சார், அன்னைக்கு மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"
என்று கேட்கிறான்.

புத்தகங்கள் திறக்கப்படுமாம் அந்த நாளில்.
ஒன்றை எனக்குத் தெரியும்.
மஞ்சள் அட்டை, கார்பன் வைத்து மூன்று பிரதி.
'வாயுப் பரிசோதனை' என்ற கட்டத்தில் ஒரு டிக்.
மீட்டர் அன்று பாட்டரி இல்லாமல்
என் டிராயரில் கிடந்தது.
கீழே என் கையெழுத்து.
முத்து முத்தாய் இருக்கும் என்பார்கள்.

கிருபையால் கணக்குத் தீர்ந்தது என்கிறது என் சபை.
தீர்ந்திருக்கலாம்.
ஆனால் ஞானதீபத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள்.
பிலோமினாளைக் கூட்டிப் போவதாகத்தான்
சொல்லிக்கொண்டேன்.
சுண்ணாம்பு அடித்த மேட்டின் முன்
ஞானதீபம் குந்தியிருந்தாள்,
செவ்வந்தி பிய்த்துத் தூவியபடி.
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று,
அதில் லேசாய் எங்கள் கம்பெனி.
ஒரு தீக்குச்சி. இன்னொன்று. நிற்கவில்லை.
"சார், கொஞ்சம் மறைச்சுக்குங்க" என்றாள்.
நானும் குந்தினேன், உள்ளங்கைகளைக் குவித்து.
பற்றியது.
"அந்த மீட்டர்..." என்று ஆரம்பித்தேன்,
"அன்னைக்கு நான்..."
மெழுகு விரலில் சொட்டியது.
இழுக்கப் போனேன்.

"கையை எடுக்காதீங்க" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
"சொல்லுங்க."