சொம்பின் எடை

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றியவன் நான்தான்.
புளித்தண்ணீர் ஊற்ற மறந்து
கொள்ளிடத்தில் எத்தனை கன அடி என்று
ரேடியோவுக்குக் காது கொடுத்திருந்தேன்.
திரும்பினால் பர்னர்மேல் வெள்ளிக் குளம்.
கழுத்து மட்டும் மிச்சம், யாரோ கழற்றி வைத்த வளையல் மாதிரி.

தையல்நாயகி கத்தவில்லை.
கும்பகோணத்தில் சீட்டுப் பணத்தில் வாங்கியது.
ஆறவிட்டுச் சுரண்டித் தராசில் வைத்தாள்.
"முன்னூத்திப் பத்து கிராம். குண்டுக்கு ஆகும்."

துப்பாக்கி அவள் பெயரில்.
அவள் அப்பாவிடமிருந்து வந்த லீவர் ரைஃபிள்,
லைசென்ஸில் அவள் போட்டோ, மேலே
பயிர்ப் பாதுகாப்பு என்று பாதி விழுந்த முத்திரை.
படுகையில் ஒன்றரை ஏக்கர் கடலை.
பன்றிகளுக்கும் அது தெரியும்.
சுடுவது அவள். வார்ப்பது நான்.

காரீயம் சீர்காழி டயர் கடையில் கிடைக்கும்,
பஸ் சக்கரங்கள் உதிர்த்த எடைக்கட்டிகள்.
கொஞ்சம் பழையாற்று அந்தோணிதாஸ் கொடுத்த வலைமணிகள்,
சூடேறும்போது கடல் மணக்கும்.
கொட்டகைக்குப் பின்னால் காற்றுக்கு முதுகு காட்டி
இரும்புச் சட்டியில் உருக்குகிறேன்.
மெழுகுத் துண்டைப் போட்டால் குப்பென்று பற்றும்,
அழுக்கு ஆடையாய் ஒதுங்கி
உள்ளே ஒரு முகம் நடுங்கும். என்னுடையது.
எடுத்த கரண்டி இனிமேல் அடுக்களைக்கு வரக்கூடாதென்று
காம்பில் சிவப்பு நகப்பூச்சு தீட்டிவிட்டாள்.

வெறும் காரீயம் நகம் பட்டாலே குழியும்.
குழலின் வரிப்பள்ளமெல்லாம் தன்னைப் பூசிக்கொண்டு போய்
தகரத்தில் குறுக்காக விழும்.
அதற்குத்தான் வெள்ளீயம்.
அதற்குத்தான், இந்த வருஷம், சொம்பு.

முதல் தோசை மாதிரி
முதல் நாலு குண்டும் சுருங்கித்தான் வரும், அச்சு சூடாகும்வரை.
மூக்கு தட்டையாக இருக்கவேண்டும்.
இந்தத் துப்பாக்கியின் குழாய்க்குள்
ஒன்றன் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும் தோட்டாக்கள்;
பின்னவன் மூக்கு முன்னவன் முதுகைத் தொடும்,
பங்காளிகள் மாதிரி.
யாருக்காவது மூக்கு கூராக இருந்தால்
வீடு போய்விடும்.

தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் தடவி
பன்னிரண்டு.

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி
செடி முறியும் சத்தம்.
அவள் லீவரைத் தள்ளி இழுத்தாள்.
அந்த இரண்டு இரும்புச் சொல்லுக்கே
பாதிக் கூட்டம் வாய்க்கால் தாண்டிவிட்டது.
ஒன்று மட்டும் நின்றது, வாயில் மண்ணோடு, எங்களைப் பார்த்து.
சுட்டாள்.
காது திரும்பி வந்தபோது
தவளைகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தன.

காலையில் பாத்தியில் ரத்தமில்லை.
கரைமண்ணில் ஒரு சாண் ஆழத்தில்
குண்டைத் தோண்டினேன்.
பூவாய் விரிந்த மூக்கு, விலாவில் அழகான வரிகள்.
நாற்பது கெஜத்தில் அவள் தவறியதில்லை.
கேட்கலாமா என்று நினைத்தேன்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்,
திரும்ப உருக்க.

பங்குனியில் தேர்தல் அறிவிப்பு.
துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
ஏட்டு தோட்டாக்களை மேசையில் நிற்க வைத்து எண்ணினார்.
பதினொன்று.
"கம்பெனிச் சரக்கு மாதிரி இல்லையே. பில் இருக்கா?"
தையல்நாயகி கைப்பையைத் திறந்து
நான்காய் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.
பாத்திரக் கடை பில்.
ஈயச் சொம்பு ஒன்று. எடை முன்னூற்று நாற்பது.
ஏட்டு இரண்டு தடவை படித்தார்.
"மீதி?"
"கொஞ்சம் பர்னர்ல ஒட்டிக்கிச்சு" என்றாள்.
"கொஞ்சம் கரையில."
அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பதிவேட்டில் என்ன எழுதினாரோ தெரியாது.
ரசீது வந்தது, ஓட்டு எண்ணி முடித்தபிறகுதான் துப்பாக்கியாம்.
அதுவரைக்கும் படுகையில்
பன்றிகளுக்கு நடத்தை விதி எதுவும் கிடையாது.

ராத்திரி எவர்சில்வரில் ரசம்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.
ஒரு வாய் குடித்துவிட்டு
தட்டை நகர்த்தினாள், என் பக்கம்.