நான்காவது கிலோமீட்டர்

அந்தப் பெட்ரோல் நிலையத்தில்
இரவென்று ஒன்று கிடையாது.
கூரை முழுக்க வெள்ளை விளக்குகள்.
பம்பின் எண், காபி விலை,
கீழே விழுந்த நாணயத்தின் நிழல்கூடத் தெரியும்.

ஹெல்யா அங்கேதான் காபி வாங்கினாள்,
சுகாதார நிலையத்தில் மாலை முறை முடித்து
இனாரி ஏரிப் பக்கம் வீடு திரும்புகையில்.
அக்டோபர் கடைசி. பனி இன்னும் விழவில்லை.
விழுந்திருந்தால் தரையாவது வெளுத்துக் காட்டியிருக்கும்.
இது கரியைக் கரைத்து ஊற்றிய இருட்டு.

சாலையில் ஏறியும்
அந்தக் கூரை கண்ணைவிட்டு இறங்கவில்லை:
பச்சையாய், பிறகு ஊதாவாய்.
எதிரே ஒரு மரலாரி,
நெற்றி நிறைய விளக்கு.
கடைசி நொடியில்தான் தாழ்த்தினான்.
அதற்கப்புறம்
சாலை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஓட்டினேன்
என்றாள் என்னிடம்.

மோதல் பெரிய சத்தமில்லை.
முகப்பு விளக்கு இரண்டும் போயின.

நீலாஸ் வந்தான்,
அடிபட்ட கலைமான்களை
மந்தைச் சங்கத்துக்குக் கணக்கெடுப்பவன்.
காதில் வெட்டிய குறியைத் தடவிப் பார்த்தான்.
யாருடைய மானென்று தெரிந்தது. சொல்லவில்லை.
"நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம்?"
"மூன்று இருக்கும். நான் வேகமாக வரவில்லை."
"யாருமே வேகமாக வருவதில்லை."
நோட்டில் பதினோராவது கோடு.
கூரைக்குப் புது விளக்கு போட்டதிலிருந்து
எல்லாமே நான்கு கிலோமீட்டருக்குள்.

காரை மரவெட்டிப் பாதையில் தள்ளி நிறுத்திவிட்டு
எனக்காகக் காத்திருந்தார்கள்.
"அந்த நெற்றி விளக்கை அணையேன்,
கண் வலிக்கிறது" என்றாள்.

முதலில் ஒன்றுமில்லை.
தன் கையே இல்லை.
காபி ஆறிப்போயிற்று.
பிறகு விரல்கள்.
பிறகு பைன்மர உச்சிகள்,
வானத்திலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரிந்து.
நேராகப் பார்த்தால் மறைந்தன,
ஓரக்கண்ணுக்கு அகப்பட்டன.
அப்புறம்தான் அவை:
சாலையின் இரு பக்கமும்
இருபதா, முப்பதா,
கொம்பும் மூச்சின் ஆவியுமாக,
இத்தனை நேரமும் அங்கேயே நின்றவை.
ஒன்று மட்டும்
செத்ததன் கழுத்தை முகர்ந்துகொண்டு.

வளைவில் நான் திரும்பினேன்.
இழுவை வண்டி. மஞ்சள் சுழல்விளக்கு.
மான்கள் நகரவில்லையாம்,
அவள் கண்ணிலிருந்துதான் போயினவாம்.
ஓரத்தில் ஒருத்தி
இரண்டு கையையும் வீசிக் கத்துவது தெரிந்தது.
சீக்கிரம் வா என்கிறாள் போல என்று
கூரை விளக்கு நான்கையும் போட்டேன்.